அடுத்தடுத்த இரண்டு கதிரைகள்: யாழ்ப்பாணத்து டயலிசிஸ் பிரிவொன்றில் ஹெப்படைட்டிஸ் சி

இந்த நிகழ்வில் வரும் இருவரும் எழுதச் சம்மதித்தவர்கள். ஆள் தெரியாதிருக்க வயது, ஊர், தொழில் விபரங்களைச் சற்று மாற்றியிருக்கிறேன். வைத்தியசாலையின் பெயரையும் விட்டுவிட்டேன். ஏனென்றால் இங்கே நடந்த பிழை எந்தப் பிரிவிலும் நடக்கக்கூடியது. எங்கள் பிரிவில் நடந்தது.

முதலாமவர் 54 வயதுக்காரர், வடமராட்சிக் கரையோரத்தவர். பதினெட்டு வருடச் சலரோகம். அதனால் சிறுநீரகங்கள் கெட்டு, கடலுக்குப் போவதை விட்டு, இரண்டரை வருடமாக எங்களிடம் டயலிசிஸ் செய்கிறார். வாரத்துக்கு இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் நான்கு மணித்தியாலம், இடது கையில் நாடியையும் நாளத்தையும் இணைத்துச் செய்த ஃபிஸ்டியூலா வழியாக. ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசிகள் முழுமையாகப் போட்டவர். சேர்ந்த அன்றும் அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் பார்த்த ஹெப்படைட்டிஸ் சி (ஈரலைத் தாக்கும் ஒரு வைரஸ்) பிறபொருளெதிரிச் சோதனை, அதாவது அந்த வைரஸுக்கு எதிராக உடல் உண்டாக்கும் புரதத்தைத் தேடும் சோதனை, எல்லாமே எதிர்மறை. கடைசியாகப் பார்த்தது வைகாசியில்.

எங்கள் பிரிவின் பொறுப்புத் தாதியிடம் ஒரு தடித்த சி.ஆர். கொப்பி இருக்கிறது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பக்கம். மாதாமாதம் வரும் ஹீமோகுளோபின், பொட்டாசியம், பொசுபேற்று, ஏ.எல்.ரி (ஈரல் பாதிக்கப்பட்டால் இரத்தத்தில் ஏறும் நொதியம்) எல்லாவற்றையும் கைப்பட எழுதுவார். கணினியிலும் அதெல்லாம் இருக்கிறது, ஆனால் கணினி ஒவ்வொரு அறிக்கையையும் தனித்தனியாகத்தான் காட்டும். கொப்பியில் இலக்கங்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்கும். முதலாமவரின் பக்கத்தில் புரட்டாதி மாத ஏ.எல்.ரியை எழுதும்போதுதான் அவர் நிமிர்ந்து என்னைக் கூப்பிட்டார்.

"டொக்டர், இவருக்கு எப்பவும் பதினாலு, பதினாறுதான். போன மாசம் இருபத்தொன்பது. இந்த மாசம் முப்பத்தேழு."

ஆய்வுகூடம் தரும் ஏ.எல்.ரி மேலெல்லை 40. அறிக்கையில் சிவப்பு அடையாளம் எதுவும் இல்லை. நான் அதைப் பார்த்துக் கையெழுத்திட்டும் விட்டேன். டயலிசிஸ் செய்பவர்களின் ஏ.எல்.ரி பொதுவாகவே மற்றவர்களைவிடக் குறைவாக இருக்கும். ஈரலுக்குத் தொற்று வந்தாலும் அது மேலெல்லையைத் தாண்டாமலே இருந்துவிடலாம். ஆகவே எல்லைக்கோட்டைப் பார்ப்பதில் பலனில்லை. அந்த ஆளின் வழமையான எண்ணோடு ஒப்பிட வேண்டும். இது எனக்குப் படிப்பில் தெரியும். கவனித்தது தாதிதான்.

அன்றே பிறபொருளெதிரியைத் திரும்பப் பார்த்தோம். எதிர்மறை. அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திராது, இன்னும் எத்தனை பேருக்குப் பரவியிருக்குமோ தெரியாது. தொற்று ஏற்பட்டுப் பிறபொருளெதிரி தென்பட வழமையாக 8 முதல் 11 வாரம் செல்லும். டயலிசிஸ் நோயாளிகளில் எதிர்ப்புச்சக்தி மந்தமாக இருப்பதால் இன்னும் பிந்தலாம். வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏயோ ஓரிரு வாரத்திலேயே இரத்தத்தில் தெரியும். அந்த இடைக்காலத்தில் ஆள் சுகமாக இருப்பார், அறிக்கை எதிர்மறையாக இருக்கும், இரத்தம் மட்டும் தொற்றிக்கொண்டிருக்கும். ஆர்.என்.ஏ சோதனைக்கு மாதிரி கொழும்புக்குப் போனது. ஒன்பதாம் நாள் பதில் வந்தது: மில்லிலீற்றருக்கு 480,000 சர்வதேச அலகு. பிறபொருளெதிரி நேர்மறையானது கார்த்திகையில்தான்.

அவருக்குச் சொன்ன நாளை மறக்கமாட்டேன். மனைவியும் பக்கத்தில் இருந்தார். மஞ்சட்காமாலையா என்று கேட்டார்கள். இல்லை, அந்த வகை வைரஸ்களில் ஒன்று, ஆனால் இரத்தத்தால் மட்டும் பரவுவது என்றேன். அவர் கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"டொக்டர், நான் குடிக்கிறேல்லை. பிழையான வழிக்கும் போனதில்லை. இது எனக்கு என்னெண்டு வந்தது?"

இந்தக் கேள்வியில் இருக்கும் வெட்கம்தான் இந்த நோயில் என்னை அதிகம் வருத்துவது. டயலிசிஸ் செய்யும் ஒருவருக்குப் புதிதாக ஹெப்படைட்டிஸ் சி வந்தால், அவர் என்ன செய்தார் என்று முதலில் கேட்பது தவறு. அவரை எந்தக் கதிரையில் இருத்தினோம், எந்தக் குப்பியிலிருந்து மருந்து எடுத்தோம், எந்தக் கையால் தொட்டோம் என்றுதான் கேட்கவேண்டும். மருத்துவம் பார்த்தவர்கள் விடைசொல்ல வேண்டிய கேள்வி அது.

மனைவியின் கேள்வி வேறு. "கோப்பை, தேத்தண்ணிக் கப் எல்லாம் வேற வைக்கோணுமே?" தேவையில்லை. ஒரே சட்டியில் சமைக்கலாம், ஒரே கோப்பையில் சாப்பிடலாம். பேரப்பிள்ளையைத் தூக்கலாம். சவரக்கத்தி, பல்துலக்கும் பிரஷ், சீனி பார்க்கும் ஊசி மூன்றையும் தனியாக வைக்கவேண்டும். அதைச் சொன்னபோதுதான், இருவருமே சலரோகக்காரர், விரலில் குத்தும் பேனை ஒன்றையே மாறிமாறிப் பாவிக்கிறார்கள் என்பது வெளியே வந்தது. ஊசியை மாற்றினாலும் பேனையின் வாயில் இரத்தம் ஒட்டியிருக்கும். மனைவியின் இரத்தத்தையும் பார்த்தோம். நல்லவேளை, அவருக்கு இல்லை.

எங்கிருந்து வந்தது

சேர்ந்த முதல் வருடத்தில் அவருக்கு ஒரு பை இரத்தம் ஏற்றியிருந்தது. இலங்கையில் தானம் பெறும் இரத்தம் ஒவ்வொன்றும் ஹெப்படைட்டிஸ் சிக்குச் சோதிக்கப்படுகிறது. ஏற்றியபின் நான்கு தடவை பிறபொருளெதிரி எதிர்மறையாக வந்திருக்கிறது. ஆகவே அது இல்லை. பல் பிடுங்கவில்லை. பச்சை குத்தவில்லை. மூன்றாவது கேள்வியிலேயே விடை கிடைத்தது. ஆனி கடைசியில் மூத்த மகளின் கலியாணத்துக்குச் சேலையும் நகையும் எடுக்கக் குடும்பத்தோடு தமிழ்நாட்டுக்குப் போய் 16 நாள் நின்றிருக்கிறார். அங்கே ஒரு தனியார் நிலையத்தில் ஐந்து தடவை டயலிசிஸ் செய்திருக்கிறார். "எல்லாருக்கும் ஒரே தட்டில இருந்துதான் மருந்து எடுத்தவை" என்பது அவருக்கு ஞாபகம்.

அந்த நிலையத்தைக் குறைசொல்லி விசாரணையை முடித்துவிட எங்களுக்கும் ஆசைதான். ஆனால் அவர் திரும்பி வந்தபோது நாங்கள் என்ன செய்தோம்? ஒன்றும் செய்யவில்லை. புதிதாகச் சேர்பவர்களை மட்டுமே சோதிக்கும் வழக்கம். அவர் "எங்கட ஆள்". பழைய கதிரையில் போய் இருந்தார். வேறிடத்தில் டயலிசிஸ் செய்துவிட்டு வருபவரையும் புதியவராகவே கணக்கெடுத்து ஆர்.என்.ஏ பார்க்கவேண்டும். இது முதல் ஓட்டை.

பிரிவில் அதுவரை ஹெப்படைட்டிஸ் சி உள்ளவர் எவரும் இல்லை. ஒரு புதிய தொற்று தெரிந்தால் எல்லோரையும் சோதிக்கவேண்டும் என்பது சிறுநீரக நோய்க்கான சர்வதேச கே.டி.ஐ.ஜி.ஓ வழிகாட்டியில் தெளிவாக உள்ளது. 31 பேருக்கும் ஆர்.என்.ஏ அனுப்பினோம். முப்பது எதிர்மறை. ஒன்று நேர்மறை.

இரண்டாமவர் 61 வயது அம்மா, ஓய்வுபெற்ற ஆசிரியை, சாவகச்சேரிப் பக்கம். இரண்டு வருடமாக யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போகாதவர். ஏ.எல்.ரி அவருக்கு 12இலிருந்து 19க்குத்தான் ஏறியிருந்தது. கொப்பியைப் பார்த்தும் யாருக்கும் சந்தேகம் வந்திராது. பிறபொருளெதிரி எதிர்மறை. வைரஸ் அளவு 21 இலட்சம். இருவருக்கும் மரபணு வகை 3. வகை ஒன்றாக இருப்பது மட்டும் ஒரே வைரஸ் என்பதற்குச் சான்றல்ல, வகை 3 எங்கள் பிராந்தியத்தில் பரவலானது. ஆனால் வரவுப் புத்தகம் வேறொன்றைச் சொன்னது. முதலாமவர் திரும்பி வந்தபின் இருவரும் ஒரே நேரத்தில் ஒன்பது தடவை டயலிசிஸ் செய்திருக்கிறார்கள். அதில் ஆறு தடவை அடுத்தடுத்த கதிரை.

கதிரைகளுக்கு நடுவே நின்று பார்த்தது

எல்லோரும் முதலில் சந்தேகித்தது மெஷினை. நோயாளிகளும் அப்படித்தான் நினைத்தார்கள். மெஷின் இதில் பெரும்பாலும் குற்றவாளியல்ல. நான்கு மணித்தியாலத்தில், நிமிடத்துக்கு 500 மில்லிலீற்றர் வீதம், ஏறத்தாழ 120 லீற்றர் திரவம் இரத்தத்தை வடிக்கும் டயலைசருக்குள் போய் வருகிறது. அந்தத் திரவத்துக்கும் இரத்தத்துக்கும் இடையில் ஒரு சவ்வு. சவ்வின் துளைகள் சில நனோமீற்றர் அளவு, வைரஸ் ஐம்பது நனோமீற்றர் அளவு. சவ்வு கிழியாதவரை அது தாண்டாது. இரத்தம் ஓடும் குழாயும் டயலைசரும் எங்களிடம் ஒவ்வொருவருக்கும் புதிது. பிரஷர் அளக்கும் குழாயின் முனையிலுள்ள வடிகட்டியில் இரத்தம் ஏறினால் மட்டும் மெஷினின் உட்புறம் மாசுபடக்கூடும். அதையும் கழற்றிப் பார்த்தோம். சுத்தம்.

தொற்றுத் தடுப்புத் தாதியும் நானும் இரண்டு நாள் பிரிவின் மூலையில் நின்றோம். முதல் குழு இறங்கி அடுத்த குழு ஏறும் அந்த அரை மணித்தியாலத்தைப் பார்க்கவேண்டும் என்பது அவருடைய யோசனை. ஆறு கதிரை, இரண்டு தாதியர். ஒருவருக்கு ஊசி கழற்றி ஃபிஸ்டியூலாவை அழுத்திப் பிடிக்கிறார்கள், அதே நேரம் பக்கத்து மெஷினில் அலாரம். பிடித்த கையை நோயாளியின் மறுகையிடம் கொடுத்துவிட்டு, அதே கையுறையோடு எட்டி அலாரத்தை நிறுத்துகிறார் தாதி. அந்தப் பொத்தானை அடுத்த தாதி வெறுங்கையால் தொடுகிறார். பிரஷர் பட்டியின் மடிப்பில் மிளகு அளவில் ஒரு கபிலப் பொட்டு. பஞ்சைக் குளோரினில் நனைத்துத் துடைத்தபோது சிவந்தது. உலர்ந்த இரத்தத்தில் இந்த வைரஸ் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

பிறகு, குழாயில் இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெப்பரின். 5 மில்லிலீற்றர் குப்பி ஒன்றில் 25,000 அலகு. ஒருவருக்கு அதில் ஒரு பங்கு போதும். ட்ரொலியில் குப்பியை வைத்துக் கதிரை கதிரையாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஆரம்பத்தில் எல்லோருக்கும் புதுச் சிரிஞ்ச், அதில் பிழையில்லை. நடுவில் மேலதிக ஹெப்பரின் தேவைப்படும்போதுதான் நடந்தது. கதிரையடியில் வைத்திருந்த, ஏற்கெனவே நோயாளியின் குழாயில் செருகிய அதே சிரிஞ்ச், திரும்பக் குப்பிக்குள் போனது. மருந்தை உறிஞ்சும்போது சிரிஞ்சின் நுனியிலுள்ள இரத்தம், கண்ணுக்குத் தெரியாத அளவுதான், குப்பிக்குள் போகும். அடுத்த கதிரைக்காரருக்குப் புதுச் சிரிஞ்சால் எடுத்தாலும் அதே குப்பிதான்.

நான் தாதியரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. 2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது ஒவ்வொரு துளியையும் மிச்சம் பிடித்தவர்கள் இவர்கள். குப்பியில் மிஞ்சியதை எறிவது பாவம் என்று பழகிய கை. அந்தப் பழக்கம் ஆபத்து என்று சொல்லவேண்டிய நாங்கள் யாரும் ஒருமுறைகூட வந்து நின்று பார்க்கவில்லை.

பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் இருந்தார். அந்த அம்மா.

"பிள்ளை, நாலு மணித்தியாலம் எனக்கு இதில வேற என்ன வேலை? அலாரம் அடிச்சாக் கிட்ட நிக்கிற மிஸ்ஸி ஓடி வருவா. கையுறை மாத்த அவைக்கு எங்க நேரம்? ஊசியை இதில வச்சிட்டுப் போறவ, பிறகு அதையே எடுத்துத்தான் மருந்து உறிஞ்சிறவ."

"ஏனம்மா ஒருநாளும் சொல்லேல்லை?"

"சொன்னா அந்தப் பிள்ளையளுக்குக் கரைச்சல் எண்டு நினைச்சன்."

தொற்று எங்கள் பிரிவிலேயே வந்தது என்பதை அவருக்கு நானே சொல்லவேண்டியிருந்தது. சொல்லாமல் விடலாம் என்று சிலர் ஆலோசனை சொன்னார்கள். "எங்கட இடத்திலதான் அம்மா உங்களுக்கு இது வந்திருக்கு. எங்கட பிழை" என்றேன். அவர் சேலைத் தலைப்பை இழுத்து ஃபிஸ்டியூலாக் கையை மூடினார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "மருந்து இருக்கோ?" என்றார். மூன்று மாதம், நாளுக்கு ஒரு குளிசை என்றேன். "அப்ப அந்த மிஸ்ஸியை வேலையால நிப்பாட்டிப்போடாதேங்கோ."

நிறுத்தவில்லை. இப்போது ஹெப்பரின் தயாரிப்பது அவர்தான். தனி அறையில், இரத்தம் வராத மேசையில், ஒவ்வொரு குழுவுக்கும் முன் ஒவ்வொருவருக்கும் ஒரு சிரிஞ்ச் பேரெழுதி நிரப்புகிறார். நடுவில் தேவைப்படும் அளவும் அதிலேயே அடங்கும், மிஞ்சினால் எறிகிறோம். குப்பி கதிரைப் பக்கம் வருவதேயில்லை. ட்ரொலியையும் எடுத்துவிட்டோம். கதிரையையும் மெஷின் முகப்பையும் பிரஷர் பட்டியையும் நோயாளி எழும்பிப் போனபின்பே குளோரின் கரைசலால் துடைக்கிறோம், ஆள் இருக்கும்போதே அவசரத்துக்குத் துடைப்பதில்லை. இதற்காகக் குழுக்களுக்கிடையே கால் மணித்தியாலம் கூட்டினோம். அதனால் பின்னேரக் குழு பிந்தி முடிய, ஊர்காவற்றுறை, புங்குடுதீவுப் பக்கத்தார் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டார்கள். ஒருவர் குறிகட்டுவானில் நயினாதீவுப் படகைப் பிடிக்கவேண்டியவர். தீவுப்பக்கத்தாரைக் காலைக் குழுவுக்கு மாற்ற மூன்று வாரம் பிடித்தது.

மெஷினைப் பிரிக்கச் சொன்னபோது

செய்தி பரவியது. ஒரு நோயாளியின் மகன் வந்து, "டொக்டர், அப்பாவை அந்த மெஷினில போடாதேங்கோ" என்றார். கோபமாக இல்லை, பயந்துபோய். ஹெப்படைட்டிஸ் பி என்றால் தனி அறை, தனி மெஷின் வேண்டும். அது மிகச் சொற்ப இரத்தத்தாலேயே தொற்றும். ஹெப்படைட்டிஸ் சிக்கு அப்படிப் பிரிக்கத் தேவையில்லை என்பதுதான் வழிகாட்டியின் நிலைப்பாடு. எங்கள் நிகழ்வே அதற்கு நல்ல விளக்கம். பிறபொருளெதிரியை நம்பிப் பிரித்திருந்தால், ஆவணி மாதம் முதலாமவரை "சுத்தமான" மெஷினில்தான் போட்டிருப்போம். குப்பியும் கையுறையும் பழையபடிதான் இருந்திருக்கும். இருக்கிற மெஷின்களில் ஒன்றை ஒதுக்கினால் வாரத்துக்கு இரண்டு தடவை வருபவர் சிலருக்கு அதுவும் குறையும். அந்த மகனை ஹெப்பரின் அறைக்குக் கூட்டிப்போய்ப் பேரெழுதிய சிரிஞ்சுகளைக் காட்டினேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

வைரஸ் ஈரலழற்சி அறிவிக்கவேண்டிய நோய். எச் 544 படிவம் சுகாதார வைத்திய அதிகாரிக்குப் போனது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு தேடிப் போய்ப் படலையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினால் ஊரே கேட்கும். ஆகவே விசாரணையைக் கிளினிக்கில் வைத்துச் செய்யக் கேட்டோம், அவரும் மறுப்பில்லாமல் வந்தார்.

சிகிச்சை

இருவருக்கும் சோஃபொஸ்புவிர் 400 மில்லிகிராமும் வெல்பட்டாஸ்விர் 100 மில்லிகிராமும் சேர்ந்த குளிசை, தினம் ஒன்று, 12 வாரம். முன்பு இன்டர்ஃபெரோன் ஊசிதான் இருந்தது. டயலிசிஸ் நோயாளிகள் அதைத் தாங்கமாட்டார்கள். சோஃபொஸ்புவிரைக்கூட டயலிசிஸில் கொடுக்கத் தயங்கிய காலம் இருந்தது. 2019இலிருந்து அளவைக் குறைக்காமலே கொடுக்கலாம் என்பது ஏற்கப்பட்டிருக்கிறது. குணமாகும் வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல். தானாகவே வைரஸ் நீங்கிவிடுகிறதா என்று ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கவும் செய்யலாம், பத்தில் மூன்று பேருக்கு அப்படி நீங்கும். ஆனால் வாரத்துக்கு இரண்டு நாள் எல்லோரோடும் ஒரே அறையில் இரத்தம் வெளியே ஓடும் ஒருவரில் அந்தப் பொறுமைக்கு இடமில்லை என்று முடிவெடுத்தோம்.

ஹெப்படைட்டிஸ் பி மறைந்திருந்தால் இந்த மருந்தின்போது அது கிளம்பக்கூடும் என்பதால் முதலில் அதைப் பார்த்தோம். இருவருக்கும் இல்லை. முதலாமவரின் கொலஸ்திரோல் மருந்தான அட்டோவாஸ்டடினின் அளவைக் குறைத்தோம். ஒமெப்ரசோலை நிறுத்தினோம், வயிற்றில் அமிலம் குறைந்தால் வெல்பட்டாஸ்விர் உடலில் சேராது. அதே காரணத்தால்தான் கல்சியம் காபனேற்றும் தொல்லை. டயலிசிஸ் செய்பவர்கள் பொசுபேற்றைக் கட்டுப்படுத்தச் சாப்பாட்டோடு விழுங்கும் அந்த வெள்ளைக் குளிசையும் அமிலத்தைக் குறைப்பதுதான், நான்கு மணித்தியாலம் தள்ளவேண்டும். மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு நடுவே இடம் தேடினோம். அவரே வழி சொன்னார்: கடலுக்குப் போன காலத்துப் பழக்கம், இப்பவும் விடிய ஐந்து மணிக்கு முழிப்பு வரும், அப்போது வெறும் தேத்தண்ணியோடு போடுகிறேன் என்று. காலைச் சாப்பாடு ஒன்பதுக்கு. சரியாகப் பொருந்தியது.

ஐந்தாம் வாரம், டயலிசிஸ் முடித்து வீடு போன பின்னேரம், அவருக்கு வியர்த்து நடுங்கியது. சீனி 62. வைரஸ் இறங்கும்போது இன்சுலின் தேவையும் இறங்கக்கூடும். இதை முதல் நாளே மனைவிக்குச் சொல்லிவைத்திருந்தோம், அவர் உடனே சீனித்தண்ணி கொடுத்திருக்கிறார். இன்சுலினைக் குறைத்தோம். அம்மாவுக்கு மருந்து வந்துசேர மூன்று வாரம் பிந்தியது. முதல் இரண்டு வாரம் தலையிடி, வேறொன்றும் இல்லை.

மருந்து முடிந்து 12 வாரம் கழித்து இருவருக்கும் ஆர்.என்.ஏ இல்லை. மற்ற 30 பேருக்கும் மாதம் ஒருமுறையாக மூன்று தடவை பார்த்தோம், புதிதாக எவருக்கும் வரவில்லை.

ஒன்று மிச்சம் இருக்கிறது. பிறபொருளெதிரி இவர்கள் இரத்தத்தில் பெரும்பாலும் ஆயுளுக்கும் நேர்மறையாகவே இருக்கும். வேறு நிலையம் எதற்குப் போனாலும் அந்த ஒரு சொல்லைப் பார்த்துத் திருப்பி அனுப்பக்கூடும். அதேவேளை ஒருமுறை குணமானவருக்குத் திரும்பவும் தொற்றலாம், தடுப்பூசி கிடையாது, பிறபொருளெதிரிச் சோதனை அதைக் காட்டவும் மாட்டாது. இவர்களுக்கு இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆர்.என்.ஏ மட்டும்தான்.

சென்ற மாதம் முதலாமவர் கடிதம் கேட்டு வந்தார். இளைய மகளுக்கும் சம்பந்தம் சரிவந்திருக்கிறது, திரும்பத் தமிழ்நாடு. சிகிச்சை முடிந்த திகதி, ஆர்.என்.ஏ முடிவு, ஹெப்பரின் தனிச் சிரிஞ்சில் வேண்டும் என்ற வேண்டுகோள் மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். வாசித்துப் பார்த்து, மூன்றாவதைக் கொஞ்சம் பெரிசாக எழுதித் தரச் சொன்னார். திரும்பி வரும் நாளும் அதிலிருந்து நான்கு வாரம் கழித்து வரும் நாளும் சி.ஆர். கொப்பியில் அவருடைய பக்கத்தில் இப்போதே குறித்திருக்கிறது.